ஈரப்பதம்

மூன்று விசாரணைக் குழுக்களுக்கும்
தட்டச்சு செய்தவள் நான்தான்.
தலைவர்கள் மாறினார்கள்.
கார்பன் தாளின் நீலம்
என் கட்டைவிரலை விட்டுப் போகவில்லை.

கலின் வெல்கோவ்ஸ்கி சுடப்பட்டது
பர்காஸ் நகரில், ஒரு நவம்பரில்,
துறைமுகத்துக்கு இறங்கும் படிக்கட்டில்.
மறுநாள் நாடாளுமன்றத்தில் வாசிக்கவிருந்த பெயர்ப்பட்டியல்
அவர் பையில் இல்லை.
எல்லோரும் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான்.

மல்யுத்தக்காரர்கள் என்றது முதல் குழு.
அன்றைக்கு ஊரே அவர்களுடையது.
பதக்கம் தொங்கிய கழுத்துகள்
காப்பீட்டு நிறுவனம் நடத்தின.
கார்க் கண்ணாடியில் அவர்களுடைய ஒட்டி இல்லாவிட்டால்
விடியும்போது கார் இருக்காது.
பழச்சாறு குடித்தபடி அவர்களில் ஒருவன் சாட்சி சொன்னான்:
"நாங்கள் செய்திருந்தால்
இரண்டு குண்டு எதற்கு?"
அதை மேற்கோள் குறிக்குள் அடித்தேன்.

கருங்கடலில் சிகரெட் இறக்கியவர்கள் என்றது இரண்டாவது.
கப்பல் பெயர்கள் ஏழு. அவற்றில் மூன்று
அந்தத் தேதிக்கு முன்பே உடைத்து விற்கப்பட்டவை.

மூன்றாவது குழு தொண்டையைச் செருமிக்கொண்டு,
கூலிக்குச் சுட்டவன் கும்பல்காரன்,
கூலி கொடுத்தது அவருடைய கட்சியே என்று
ஒரு வரைவு எழுதியது.
அந்த வரைவுக்கு மட்டும்
பிரதி எடுக்க வேண்டாம் என்றார்கள்.

சூரியகாந்தி விதை விற்கும் பென்கா
படிக்கட்டின் கீழே உட்கார்ந்திருந்தவள்.
"சுட்டவனைப் பார்த்தாயா?"
தலையை இடவலமாக ஆட்டினாள்.
எங்கள் நாட்டில் அதற்கு ஆம் என்று பொருள்.
ப்ரஸ்ஸல்ஸிலிருந்து வந்த நிபுணர்
ஒலியில்லாத படச்சுருளில் அதைப் பார்த்து
'மறுக்கிறாள்' என்று குறித்துக்கொண்டார்.
அதிலிருந்து முளைத்தது நாற்பது பக்கம்:
மிரட்டல், மௌன விதி, இத்தாலியத் தொடர்பு,
அம்புக்குறிகளோடு ஒரு வரைபடம்.
நாற்பதையும் நான்தான் அடித்தேன்.
வராந்தாவில் பென்கா கேட்டாள்,
"ஆமென்றுதானே சொன்னேன்?"
நானும் தலையை ஆட்டினேன்,
எந்தப் பக்கமாக என்று நினைவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அடிக்குறிப்பு:
'படிக்கட்டின் மேல்விளக்கு
ஆறு ஐம்பது முதல் ஏழு ஐந்து வரை எரியவில்லை.
காரணம் ஈரப்பதம்.'
எந்தக் குழுவும் அங்கே நிற்கவில்லை.
கும்பல்களைத் தேடுகிறவர்களுக்கு
மின்கம்பம் சின்ன விஷயம்.

அந்த வட்டாரத்துக் கம்பங்கள்
ஸ்தோயிலின் பொறுப்பில் இருந்தன.
ஸ்தோயில் என் கணவன்.
டிசம்பரில் இரண்டு ஆட்கள்
எங்கள் நான்காம் மாடிக்கு ஒரு ஃபிரிட்ஜைத் தூக்கி வந்தார்கள்.
இரண்டு பேருக்கும் கழுத்து என்று தனியாக ஒன்றில்லை.
"போனஸ்" என்றான் ஸ்தோயில்.
மின்வாரியம் ஐந்து மாதமாகச்
சம்பளமே தராத வருடம் அது.
ஆட்களுக்குக் காபி கொடுத்தேன்.
சர்க்கரை எத்தனை என்று கேட்டேன்.
வேறெதையும் கேட்கவில்லை.

அடிக்குறிப்பை அடித்த நாளில்
'ஈரப்பதம்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனது.
வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து,
சரியாக அடித்தேன்.
என் வேலையில் பிழை இருந்ததாக
யாரும் சொன்னதில்லை.

இப்போதும் நவம்பர் வந்தால்
தொலைக்காட்சியில் நால்வர் மேசைக்கு நால்வர்.
ரஷ்யர்கள் என்பார் ஒருவர். ஒடெசா என்பார் இன்னொருவர்.
பெரிய கைகள், நீண்ட கைகள், காணாத கைகள்.
"எல்லாம் மேலே இருப்பவர்கள் வேலை"
என்று ஸ்தோயில் பீர் எடுக்க எழுந்து போவான்.
கதவு திறக்கும்.
சமையலறைத் தரையில் மஞ்சளாய் ஒரு பட்டை விழும்.

இத்தனை வருடத்தில் அந்த உள்விளக்கு
ஒரே ஒரு முறை அணைந்தது.
இருட்டிலேயே கழற்றி
இருட்டிலேயே புதியதை மாட்டினான்.
ஏழு நிமிடம்கூட ஆகவில்லை.